சவப்பெட்டிக்குள் அறுபது சூரியகாந்தித் தலைகள்

என் மாமனார் லாவ்ரின் பன்னிரண்டு வருடங்களாகச் செத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு சரியில்லை, ஆறு மாதம்தான் என்று டவுன் டாக்டர் கெடு வைத்தார். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்தே எட்டு வருடம் ஆகிறது. மாமனார் மட்டும் கெடுவை நம்பி, வேலியோரம் நின்ற அக்ரூட் மரத்தை வெட்டி, பலகை அறுத்து, இழைத்து, தன் கையாலேயே தனக்கொரு சவப்பெட்டி செய்து பரணில் ஏற்றி வைத்துவிட்டு, குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படுத்தார். விடிந்ததும் எழுந்து பசிக்கிறது என்றார். அன்றிலிருந்து இன்றுவரை பசிக்கிறது.

நான் ஒதார்க்கா. அவருடைய மகனுக்கு வாக்கப்பட்டு வெர்பிவ்கா என்கிற இந்த ஊருக்கு வந்தவள். மகன் போலந்தில் தக்காளி பறிக்கிறார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியத்தை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் ஊரில் வயசானவர்கள் இருக்கும் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கும். அதைச் சும்மா கிடக்க விட எந்த வீட்டுக்காரிக்கும் மனசு வராது. ஒரு வீட்டில் வெங்காயம் போட்டு வைப்பார்கள், இன்னொரு வீட்டில் கோதுமை. எலி நுழையாது, அடுப்பின் புகைபோக்கி பக்கத்திலேயே போவதால் ஈரமும் தங்காது. எங்கள் வீட்டுப் பெட்டி சூரியகாந்திக்கு. இப்படி ஒரு நல்ல பெட்டியை மாமனாரை நம்பி வீணடிக்க முடியுமா?

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் பிடித்த மழை செப்டம்பரிலும் விடவில்லை. பூத்தலைகளின் முதுகு மஞ்சளானதும் வெட்டியாக வேண்டும், மழையானாலும் சரி, இடியானாலும் சரி. விட்டால் செடியிலேயே அழுகும், மிச்சத்தைக் குருவி தின்னும். எனவே முட்டி வரை சேற்றில் நின்று வெட்டினேன். அறுபது தலை, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கொறிக்கிற ரகம், வரிவரியாக இருக்குமே, அது. வழக்கமாகத் தகரக் கூரையில் பரப்பினால் ஒரு வாரத்தில் சலசலவென்று காய்ந்துவிடும். அந்த வருடம் கூரையில் பரப்பியிருந்தால் முளைத்திருக்கும்.

ஆகவே பரண். நாற்பது தலையைப் பெட்டிக்குள் பக்கவாட்டில் நிறுத்தினேன், இருபதை மூடியைத் திருப்பிப் போட்டு அதில் பரப்பினேன். பரண் ஜன்னல் வழியாகச் சிட்டுக்குருவிகள் வரும் என்று மேலே என் பழைய நைலான் காலுறைகளை இழுத்துக் கட்டினேன். குளிர்காலத்துக்கு மூட்டுகிற பெரிய அடுப்பை ஒரு மாதம் முன்னாலேயே பற்ற வைத்தேன். மாமனார் தினமும் ஏணியேறி வந்து மேற்பார்வை பார்ப்பார்.

"மூஞ்சியோட மூஞ்சி ஒட்டக் கூடாது ஒதார்க்கா. ஒட்டுனா பூஞ்சணம் புடிக்கும். நீ வெச்சிருக்கிறது கல்யாண வீட்டுல போட்டோ எடுக்க நெருக்கி நிக்குற மாதிரி இருக்கு."

"நீங்க ஒழுங்கா டாக்டர் சொன்னப்பவே போயிருந்தா நான் இவ்ளோ யோசனை கேக்க வேண்டியிருந்திருக்காது மாமா."

"நான் போயிருந்தா பெட்டியும் போயிருக்கும். தலையை எங்க காய வெச்சிருப்பே, உங்கப்பன் வீட்டுலயா?"

அவர் ஒரு விதையைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக் கடித்து, "ஈரம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு இறங்கிப் போவார். காய்ந்த விதை டக்கென்று உடையும், ஈர விதை வளையும். சூரியகாந்தி விஷயத்தில் அந்த மனுஷனின் முன்பல் இரண்டும் பொய் சொல்லாது.

பக்கத்து வீட்டு நிக்கிபோரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அக்ரூட் மரம் தன்னுடையது என்று மாமனார் வெட்டினாரே, அது நிக்கிபோரின் கணக்கில் அவருடையது. மரத்தை வெட்டிய மறுநாளே அவர் வேலியை ஓரடி தள்ளிப் போட்டு, அடிக்கட்டையையாவது தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஆளுயரப் பலகை வேலி. அதோடு பேச்சு நின்றது. அதாவது, ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றது. தினமும் காலையில் வேலிக்கு மேலே நிக்கிபோரின் முகம் தெரியும். கண் எங்கள் முற்றத்தில் இருக்கும், பேச்சு தன் ஆட்டோடு நடக்கும்.

"பில்கா, அங்க ஒருத்தன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கானா, பாருடி!"

மாமனார் எங்கள் சேவலிடம் சொல்வார்: "டேய், அவன்கிட்ட சொல்லு. அவன் கருமாதிச் சோறு தின்னுட்டுத்தான் நான் பொட்டியில ஏறுவேன்."

இது முடிந்தால்தான் இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு இறங்கும். பனி பெய்தாலும் நடக்கும். ஒரு தடவை மாமனாருக்குக் காய்ச்சல், அப்போதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்ச் சேவலிடம் பேசிவிட்டு வந்தார். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்டால்தானே.

அந்தப் புதன்கிழமை காலை மாமனார் சேவலோடு தயாராக நின்றார். வேலிக்கு மேலே முகம் வரவில்லை. ஆடு மட்டும் மடி கனத்துக் கத்திக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் நின்றார். மழை தொப்பியிலிருந்து மூக்கில் சொட்டியது.

"தூங்குறான் சோம்பேறி" என்றார் சேவலிடம். குரல் சரியில்லை.

பத்து மணிக்கு நிக்கிபோரின் மனைவி மெலானியா எங்கள் வாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தலைத்துணி கட்டாமல் படி தாண்ட மாட்டாள், அவள் தலைத்துணி இல்லாமல் வந்திருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நிக்கிபோர் காலையில் எழுந்து ஒரு பூட்ஸைப் போட்டிருக்கிறார், இன்னொன்றைப் போடுவதற்குள் சாய்ந்துவிட்டார். டாக்டர், கெடு, எதுவும் கிடையாது.

மெலானியா நேரே விஷயத்துக்கு வந்தாள். மழையில் பாலம் மூழ்கிவிட்டது. டவுனுக்குப் போன டிராக்டர் சேற்றில் அச்சு வரை இறங்கி நிற்கிறது. ஊர்த் தச்சன் என் வீட்டுக்காரரோடு போலந்தில் தக்காளி பறிக்கிறான்.

"லாவ்ரின் அண்ணே, உங்க பொட்டியைக் குடுங்க. தண்ணி வடிஞ்சதும் டவுன்ல இருந்து புதுசு ஒண்ணு கொண்டாந்து வெச்சுடறேன்."

எங்கள் ஊரில் இப்படிக் கேட்பது வழக்கம்தான். கொடுப்பதும் வழக்கம்தான். வேறு யாராவது கேட்டிருந்தால் மாமனார் தானே இறக்கிக் கொடுத்திருப்பார்.

"கடையில விக்கிற பைன் பொட்டியா? அதுல நான் கோழியைக் கூட வெக்க மாட்டேன். ஏன், உன் புருஷன் தனக்குன்னு பலகை எடுத்து வெச்சிருந்தானே?"

"போன வருஷம் ஆட்டுக்குக் கொட்டகை போட்டுட்டாரு."

"அப்பக் கொட்டகையைப் பிரிங்க."

"ஆட்டுப் புழுக்கை நாத்தத்தோடயா அண்ணே அவரை அனுப்புவேன்?"

"அவனுக்கும் ஆட்டுக்கும்தான் நல்ல பேச்சுவார்த்தையாச்சே."

"மாமா!" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

மெலானியாவுக்கு முகம் சிவந்தது. "அந்த மரத்துல பாதி எங்களுது. ஊருக்கே தெரியும்."

"பாதியா? சரி, மூடியை எடுத்துட்டுப் போ."

மெலானியா திரும்பினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நான் மாமனாரை ஒரு பிடி பிடித்தேன். செத்தவன்கிட்ட என்ன வீம்பு, நெஞ்சுல இருக்கிறது மனசா மரக்கட்டையா, நாளைக்கு உங்களைத் தூக்க நாலு பேர் வருவாங்களா என்று கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. பெட்டி போனால் என் அறுபது தலைகள் எங்கே போகும்? இன்னும் பாதி ஈரம். இவ்வளவு கேவலமான நினைப்பு வந்ததற்காகத்தான் மாமனாரைக் கூடுதலாகத் திட்டினேன்.

மத்தியானம் பாதிரியார் காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். அங்கி இடுப்பு வரை சேறு. எங்கள் அடுப்பருகே நின்று காய்ந்துகொண்டே சொன்னார்:

"நாளைக்கு அடக்கம் பண்ணியாகணும். இந்தப் புழுக்கத்துல மூணு நாள் வெக்க முடியாது. பொட்டி இல்லேன்னா என்ன, போர்வையில சுத்தி இறக்கிடலாம். கடவுள் பலகையை எண்ணிப் பாக்கப் போறதில்ல."

மாமனார் கேட்டுக்கொண்டே ஒரு விதையை உடைத்தார். தோலைக் கையில் துப்பினார்.

"போர்வையிலயா? உருளைக்கிழங்கு மூட்டை மாதிரியா?"

"வேற வழி சொல்லுங்க."

"வழி இல்ல சாமி. நான் மாட்டேங்கறதால இல்ல. அவன் அதுக்குள்ள அடங்க மாட்டான். என் அளவுக்குச் செஞ்சது. அவன் என்னவிட ஒரு ஜாண் ஒசரம். முழங்காலை மடக்கித்தான் வெக்கணும். வேணும்னா அளந்தே காட்டறேன், அப்பறம் என்னை யாரும் குத்தம் சொல்லக் கூடாது."

மடக்கு அளவுகோலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிக்கிபோர் வீட்டு வாசல்படி ஏறினார். சண்டை போட்டுவிடுவாரோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

நிக்கிபோரை மாதா படத்துக்குக் கீழே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மெலானியா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். மாமனார் யாரிடமும் எதுவும் கேட்காமல் அளவுகோலை விரித்து உச்சியிலிருந்து குதிகால் வரை வைத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை அளந்தார்.

"காலை நல்லா நீட்டி வெச்சிருக்கீங்களா?"

"நீட்டித்தான் இருக்கு" என்றாள் மெலானியா.

"அப்ப ஒரு ஜாண் எங்க போச்சு? இவன் வேலிக்கு மேல தலை நீட்டிப் பேசுவானே. என்னால எட்டிக் கூடப் பாக்க முடியாத வேலி."

"அடிக்கட்டை மேல ஏறி நின்னுக்குவாரு அண்ணே. அந்த அக்ரூட் அடிக்கட்டை. மழையில வழுக்குதுன்னு போன மாசம்தான் அதுமேல சாக்கு போட்டு ஆணி அடிச்சாரு."

மாமனார் அளவுகோலை மடிப்பு மடிப்பாக மடக்கினார். ஒரு மடிப்பில் விரல் நசுங்கியும் கையை எடுக்கவில்லை. பெஞ்சில் கிடந்த ஆள் உண்மையிலேயே சின்ன ஆள். குழந்தைச் சட்டை போட்டால் கூடச் சேரும் போல இருந்தார். எழுபத்தாறு வயதில் தினமும் காலையில் வழுக்கும் கட்டையில் ஏறி நின்று என் மாமனாரைத் திட்டியிருக்கிறார்.

"அடங்குவான்" என்றார் மாமனார். "ஒரு ஜாணுக்கு மேலயே மிச்சம் இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினார், ஏதோ நான்தான் இத்தனை நேரம் தடுத்துக்கொண்டிருந்த மாதிரி: "இங்க என்ன வேடிக்கை? போய்ப் பொட்டியைக் காலி பண்ணு!"

காலி பண்ணு என்று சொல்வது சுலபம். பெட்டியைத் தூக்க நாலு ஆண்கள் ஏணிக்கடியில் வந்து நின்றுவிட்டார்கள். நான் மேலே நின்று காலுறைகளைப் பிய்த்து, தலை தலையாக இறக்கிக் கொடுத்தேன். அந்த மழையில் கூரை ஒழுகிப் பரண் தரை நனைந்து கிடந்தது, அங்கே விட முடியாது. அடுப்பு மேடையில் பதினைந்து. ஜன்னல் விளிம்புகளில் எட்டு. டிவி மேலே இரண்டு. அலமாரி மேலே பத்து. மிச்ச இருபத்தைந்தை எங்கே வைப்பது? மாமனாரின் கட்டில்தான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. விரிப்பை எடுத்துவிட்டு வரிசையாக அடுக்கிவிட்டேன். பெட்டியைக் கவிழ்த்து நாலு தட்டு தட்டினேன். துடைக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. முற்றத்தில் இரண்டு ஸ்டூல் மேல் பெட்டியை வைத்தார்கள். பாலிஷ் இல்லாமலே அக்ரூட் மரம் தேன் நிறத்தில் மின்னியது. நிக்கிபோர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு கம்பீரமாக ஒரு நாளும் இருந்ததில்லை. பாதிரியார் ஜெபத்தை முடித்து, கடைசியாகப் பார்க்கிறவர்கள் வந்து நெற்றியில் முத்தமிடலாம் என்றார். மெலானியா போனாள். உறவுக்காரர்கள் போனார்கள். பிறகு ஊரே திரும்பி என் மாமனாரைப் பார்த்தது.

அவர் வந்தார், தொப்பியை எடுத்தார், குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிக்கிபோரின் காதோரத்தில், தலையணை மடிப்பில், ஒரு சூரியகாந்தி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

வெர்பிவ்காக்காரன் கையில் விதை சிக்கினால் அது நேரே வாய்க்குத்தான் போகும். மூளையிடம் அனுமதி கேட்கிற வழக்கம் கிடையாது. மாமனார் விதையை எடுத்தார், முன்பல்லில் வைத்தார், கடித்தார். அந்த அமைதியில் அது நசுங்கியது எல்லாருக்கும் கேட்டது. தோலைத் துப்பினார். அது பாதிரியாரின் பூட்ஸ் மேல் போய் விழுந்தது.

"இன்னும் ஈரம் போகல" என்றார்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. காது வரை சிவந்துபோனார். எனக்குப் பூமி பிளந்தால் நிக்கிபோருக்கு முன்னால் நான் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பாதிரியார் பூட்ஸை உதறித் தோலைத் தள்ளினார். அப்போது மெலானியா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவளைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள், பிறகு கூட்டமே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெலானியாவின் சிரிப்பு அழுகையாகிவிட்டது. புதன்கிழமையிலிருந்து அவள் அதுவரை அழவில்லை.

மாமனார் மறுபடி குனிந்து நிக்கிபோரின் நெற்றியில் முத்தமிட்டார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நல்லா நீட்டிப் படுடா. எடம் இருக்கு."

கருமாதிச் சோறு நன்றாகத்தான் இருந்தது. தேன் ஊற்றிய கோதுமை, பீட்ரூட் சூப், கோழி, கண்ணாடி டம்ளரில் வோட்கா. எல்லாரும் சாப்பிட்டார்கள். என் மாமனார் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவருக்குப் பசிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை அவர் முற்றத்துக்குப் போகவில்லை. நான் பால் கறந்துவிட்டு உள்ளே வந்தபோது கட்டிலின் ஓரத்தில், சூரியகாந்தித் தலைகளுக்குப் பக்கத்தில், இடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"ஒதார்க்கா."

"என்ன மாமா?"

"அவனுக்கு முன்னாடி போயிடக் கூடாதுன்னுதான் தெனம் எந்திரிச்சேன். வேற ஒண்ணுமில்ல. இப்பப் பொட்டியும் இல்ல, அவனும் இல்ல. நாளைக்கு எதுக்கு எந்திரிக்கணும், சொல்லு."

இந்தக் கிழவர் இல்லாத வீட்டை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. எப்போது போவீர்கள் என்று தினமும் கேட்டவள் நான்தான். பயமாக இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"மொதல்ல அந்தத் தலைங்களைப் பொரட்டிப் போடுங்க" என்றேன். "ரெண்டு நாளா ஒரே பக்கமா கெடக்கு. அழுகுச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். முதுகைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அடுத்ததைப் புரட்டினார்.

"காய எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த தலை பத்து நாளில் காயும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"ரெண்டு மாசம் ஆகும் மாமா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. ஒரு விதையைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக் கடித்தார். அது டக்கென்று உடைந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"ஆமா" என்றார். "ரெண்டு மாசம் ஆகும்."